முதல் நாளைக் காலியாக விடுங்கள், அம்மா

கேள்வி: எனக்கு 62 வயது. முதல்முறையாக விமானத்தில் போகிறேன், அதுவும் தனியாக. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஒரே விமானம், 14 மணி நேரம். இரவு 2 மணிக்குக் கிளம்பினால் அந்த ஊர் நேரப்படி அதே நாள் காலை 6 மணிக்கு இறங்கலாமாம். அந்த ஊர் நம்மைவிட 10 மணி நேரம் பின்னால் என்கிறான். ஒன்பது வருடமாக எனக்குச் சர்க்கரை. காலையில் கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும், இரவில் மெட்ஃபார்மின் மட்டும். ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஓர் அம்லோடிபின். இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. முட்டி வலி உண்டு, பாதம் சில சமயம் மரத்துப்போகும். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும், ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். டாய்லெட்டுக்கு அடிக்கடி எழுந்து போக முடியாது என்பதால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இறங்கியதும் மகன் அப்படியே காரில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் மலை ஊருக்குக் கூட்டிப்போகிறானாம். எனக்காக விடுப்பு எடுத்திருக்கிறான். உடம்பு தாங்குமா டாக்டர்?

பதில்:

அன்புள்ள அம்மா,

விமானத்தைத் தாங்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் ஒருவர் 62 வயதில் 14 மணி நேரம் பறப்பதற்கு மருத்துவத்தில் தடை ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கடைசியில் வருகிற அந்த நான்கு மணி நேரக் கார்ப் பயணம்தான்.

நீண்ட பயணம் போய் வந்தவர்கள் என்னிடம் சொல்லும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை இறங்கிய பிறகு, முதல் ஒரு நாளுக்குள் வந்தவை. ஒரே மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டார், நடுராத்திரியில் புது வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார், வெந்நீரில் கால் வெந்தது தெரியாமலே நின்றுகொண்டிருந்தார் என்று இப்படித்தான் கதைகள் வரும். விமானத்தில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் 'வந்து சேர்ந்துவிட்டோம்' என்று மனசு இளகிவிடுகிறது. உடம்பு வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகும். அதனால் உங்கள் பயணத்தை 14 மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 14 மணியோடு இறங்கிய பிறகு வரும் முதல் 24 மணி நேரத்தையும் சேர்த்து ஒரே பயணமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கோ இதுதான் முக்கியம்.

நீங்கள் போகும் நாளில் உங்களுக்கு இரண்டு காலை வரும். வீட்டு நேரப்படி காலை 8 மணி ஆகும்போது நீங்கள் நடுவானத்தில் இருப்பீர்கள். இறங்கியதும் அங்கே இன்னொரு காலை 8 மணி வரும். உங்கள் உடம்புக்கு அது மாலை 6 மணி. காலை மாத்திரை என்று நினைத்து அங்கேயும் கிளிமிப்ரைடு போட்டுவிட்டால் பத்து மணி நேர இடைவெளியில் இரண்டு மாத்திரை உள்ளே போயிருக்கும். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிப்ரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். களைப்பில் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள் என்றால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் 'பாவம், அசதியில் தூங்குகிறார்' என்று எழுப்பாமல் விட்டுவிடுவார்கள். என்னிடம் வரும் ஒரு பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. மகள் தற்செயலாக நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்துக் கொட்டியிருப்பதைக் கண்டுபிடித்ததால் பிழைத்தார்.

இதில் கைப்பேசிக்கும் ஒரு பங்கு உண்டு. மாத்திரைக்கு அலாரம் வைத்திருக்கிறீர்களா? தரை இறங்கியதும் கைப்பேசி தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். காலை 8 மணி அலாரம் அங்கே மறுபடி அடிக்கும். நீங்களும் பழக்கத்தில் டப்பாவைத் திறப்பீர்கள். ஏறுவதற்கு முன்பே அந்த அலாரத்தை அணைத்துவிடுங்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டு, அதை மட்டும் வீட்டு நேரத்திலேயே ஓட விடுங்கள்.

உங்களுக்கு நான் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன். விமானத்தில், வீட்டு நேரம் காலை 8 மணி வாக்கில், சாப்பாடு கையில் இருந்தால் மட்டும் காலை மாத்திரைகள் மூன்றையும் போடலாம். அந்த நேரத்தில் அவர்கள் சாப்பாடு தரவில்லை, கையிலும் ஒன்றும் இல்லை என்றால் தட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். 'கொண்டுவருகிறோம்' என்று சொன்னதை நம்பிப் போடக் கூடாது. தட்டு மேலே வந்து, ஒரு வாய் உள்ளே போன பிறகே கிளிமிப்ரைடு. இறங்கிய பிறகு அந்த ஊர்க் காலையில் எந்த மாத்திரையும் வேண்டாம். அன்றிரவு அங்கே சாப்பிடும்போது மெட்ஃபார்மின் மட்டும். மறுநாள் காலையிலிருந்து அந்த ஊர் நேரப்படி எல்லாம் வழக்கம்போல. இடையில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஒரு நாள் கொஞ்சம் ஏறினால் சமாளித்துவிடலாம். இறங்குவதுதான் ஆபத்து. அம்லோடிபின் பற்றிக் கவலையே வேண்டாம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில மணி நேரம் தள்ளிப்போனால் உடம்பு கண்டுகொள்ளாது.

இந்த அட்டவணையை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, அவர் கையெழுத்தில் ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரைகளின் அளவும் சிறுநீரகத்தின் நிலையும் அவருக்குத்தான் தெரியும். அப்போதே திரும்பி வரும் பயணத்துக்கும் தனியாக ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள். போகும்போது நாள் நீளும், வரும்போது சுருங்கும். இதே தாள் அதற்கு உதவாது.

மாத்திரைகள் அத்தனையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் செய்யும் பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருந்துச் சீட்டோடு, அட்டை அட்டையாக இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் கைப்பையில். சர்க்கரையோ குளுக்கோஸ் மாத்திரையோ உடையின் பையிலேயே இருக்கட்டும். மேல்தட்டில் வைத்த பையில் இருந்தால் அவசரத்துக்கு எட்டாது. முட்டி வலிக்கு யாராவது டிரமடால் எழுதிக்கொடுத்திருந்தால், அல்லது கோடீன் கலந்த இருமல் மருந்து வீட்டில் இருந்தால், கேட்காமல் எடுத்துப் போக வேண்டாம். சில நாடுகளில் அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல் ஆகும். மகனிடம் அந்த நாட்டின் விதியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். இதை எழுதியது நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்காதீர்கள். உங்கள் வயதுப் பெண்கள் பலர் வெளியே போகும்போதெல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை. நீங்கள் சொன்னதற்கு நன்றி. ஆனால் செய்யாதீர்கள், அம்மா. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டையும் கண்ணும் காய்ந்துபோகும். அதோடு தண்ணீரையும் குறைத்தால் தலைவலி, மலச்சிக்கல், சிறுநீரில் எரிச்சல் எல்லாம் முதல் நாளே வரிசையில் நிற்கும். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். இன்னொன்றும் இருக்கிறது. டாய்லெட்டுக்கு எழுந்து போகிறீர்களே, உங்கள் கால்களுக்கு அதுதான் நல்ல மருந்து. தண்ணீரைக் குறைத்தால் அந்த நடையும் போய்விடும்.

நடைபாதை ஓரத்து இருக்கையை மகனிடம் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்படியென்றால் யாரையும் எழுப்பாமல் போய்வரலாம். விமானத்து டாய்லெட் பற்றியும் சொல்கிறேன், அந்தத் தயக்கமும் இருக்கலாம். பெரும்பாலும் கதவின் நடுவில் அழுத்தினால் அது உள்பக்கமாக மடிந்து திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் விளக்கு முழுசாக எரியும். இருட்டாக இருக்கிறதே என்று பயந்து திரும்பிவிடாதீர்கள். ஃபிளஷ் பொத்தானை அழுத்தினால் காற்று உறிஞ்சும் சத்தம் பலமாகக் கேட்கும். அது அப்படித்தான், ஒன்றும் உடையவில்லை. கை கழுவக் குழாய் உண்டு, ஆனால் கால் கழுவத் தண்ணீர் வசதி பெரும்பாலும் இருக்காது, காகிதம்தான். ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழிப்பறைக்குள் போடாமல் குப்பைப் பெட்டியில் போடுங்கள். சாப்பாடு கொடுக்கும் வண்டி நடைபாதைக்கு வருவதற்கு முன்பே போய்வருவது நல்லது. அதன் பிறகு அரை மணி நேரம் வழி கிடைக்காது.

ரத்த உறைவு பற்றித் தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மை. முட்டியை மடக்கி மணிக்கணக்கில் உட்காரும்போது, இருக்கையின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாயை அழுத்துகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் உள்ள ரத்தம் மேலே ஏறும். அசையாமல் இருந்தால் அது தேங்குகிறது. தேங்கிய ரத்தம் சில சமயம் உறையும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த பயணத்துக்குப் பிறகு இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றால் பெரிதாகத் தெரியும். கணக்கில் பார்த்தால் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. ஆபத்து உண்டு, ஆனால் உங்களுக்குத் தூக்கம் கெடும் அளவுக்கு இல்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் வந்தது. விமானம்தான் என்றில்லை. ரயில், பேருந்து, கார் எதில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். உங்கள் மகன் திட்டத்தை இப்போது பாருங்கள். 14 மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வீங்கிய காலோடு இறங்கி, மறுபடி நான்கு மணி நேரம் காரில் முட்டியை மடக்கி உட்காருவீர்கள். உங்கள் கால்களுக்கு அது 18 மணி நேரப் பயணம்.

ஆஸ்பிரின் வேண்டாம். பயணத்தில் வரும் இந்த உறைவைத் தடுப்பதற்காக என்று ஆஸ்பிரினை நாங்கள் தருவதில்லை. வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் அதனால் வரக்கூடும். இதயத்துக்காக ஏற்கனவே எடுத்துக்கொள்பவர்கள் தொடரலாம். நீங்கள் புதிதாகத் தொடங்கக் கூடாது. முழங்கால்வரை போடும் அழுத்தக் காலுறை உறைவைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பாதம் மரத்துப்போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். நரம்பு மரத்திருக்கும் காலில் இறுக்கமான உறை தோலை அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. மருத்துவர் பாதத்தில் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுத்தால் போடுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். அதைப் போட்டால் ஒரே நிலையில் கட்டையாகக் கிடப்பீர்கள், எழுந்தால் தள்ளாடுவீர்கள்.

விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்கம்வரை நடந்து வாருங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களைத் தூக்குவது, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று ஒரு தடவைக்கு இருபது முறை செய்யலாம். தூங்கும்போது யாரும் அலாரம் வைத்து எழ வேண்டியதில்லை, தூக்கமும் தேவைதான். கிளம்புவது இரவு 2 மணிக்கு என்பதால், ஏறியதும் முதல் ஆறு மணி நேரம் தூங்கப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு அது இரவு. பிற்பாதியில் விழித்திருங்கள்.

காது பற்றி இரண்டு வரி. விமானம் கீழே இறங்கத் தொடங்கும் கடைசி அரை மணி நேரம் தூங்காதீர்கள். எச்சில் விழுங்கிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் இருந்தால் காது அடைக்காது. கடுமையான சளி இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் வீல்சேர். நீங்கள் எழுதவில்லை, ஆனால் முட்டி வலி என்று படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. பெரிய விமான நிலையங்களில் விமானத்திலிருந்து வாசல்வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட நடக்க வேண்டியிருக்கும். அதன் நடுவில் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கலாம். நடக்க முடிந்தவர்களுக்கு வீல்சேர் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். படி ஏற முடியும், அதிக தூரம்தான் நடக்க முடியாது என்பவர்களுக்கென்றே விமான நிறுவனங்களில் ஒரு வகை இருக்கிறது. டபிள்யூ.சி.எச்.ஆர் என்று குறிப்பார்கள். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே மகனைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு வருபவர் உங்களை வரிசைகளிலும் பெட்டி எடுக்கும் இடத்திலும் வழிநடத்தி, வெளியே மகன் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விடுவார். மொழி தெரியாத இடத்தில் தனியாக இறங்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. முதல் நாளுக்கு உங்கள் முட்டியில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே அழைப்பில் சர்க்கரைக்காரர்களுக்கான சாப்பாட்டையும் சொல்லிவிடலாம். குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும்.

இமிகிரேஷனில் பெரும்பாலும் மூன்று கேள்விதான். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். சுருக்கமாக உண்மையைச் சொன்னால் போதும். மகனின் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் வைத்திருங்கள், கைப்பேசியில் மட்டும் வேண்டாம். கேள்வி புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

சரி, இறங்கிவிட்டீர்கள். காலை 6 மணி. உங்கள் உடம்புக்கு மாலை 4. அன்று உங்களுக்கு மூன்று வேலைதான் இருக்க வேண்டும். சாப்பிடுவது, வெளிச்சத்தில் கொஞ்சம் நடப்பது, இரவுவரை விழித்திருப்பது.

வெளிச்சம் ஏன் என்று சொல்கிறேன். மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஒரு சிறு செல்கூட்டம் இருக்கிறது. எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடம்புச் சூடு குறைய வேண்டும் என்பதை அதுதான் முறை வைத்து நடத்துகிறது. 2017-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவர், செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்தவர்கள். இந்தக் கடிகாரத்தை நாம் நினைத்தபடி திருப்ப முடியாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மேற்கே போகும்போது ஒன்றரை மணி நேரம்வரை நகரும். உங்களுக்குப் பத்து மணி நேர வித்தியாசம். ஆக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மூன்றாம் நாளும் பகலில் கண் சொருகினால் 'எனக்கு என்னவோ ஆகிவிட்டது' என்று பயப்பட வேண்டாம்.

அந்தக் கடிகாரத்தை நகர்த்தும் கை வெளிச்சம்தான். வழக்கமாக நாம் எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னோக்கித் தள்ளும், அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னோக்கி இழுக்கும். உங்களுக்குத் தேவை பின்னோக்கித் தள்ளுவது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுபவராக இருந்தால், அந்தக் குறைந்த நேரம் வீட்டுக் கணக்கில் 3 மணி வாக்கில் வரும். முதல் நாள் அங்கே அது மாலை 5 மணி. அதனால் பகல் 11 மணியிலிருந்து 4 மணிக்குள், ஒரு தடவையோ இரண்டு தடவையோ மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடங்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதும் நல்லதுதான், ஆனால் வெளியே போவதற்கு ஈடாகாது. ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்குள் விளக்கைக் குறைத்து இருங்கள். நடக்கும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் வண்டிகள் எதிர்ப்பக்கத்தில் ஓடலாம். தூக்கக் கலக்கத்தில் கண் பழைய பழக்கத்துக்குத்தான் திரும்பும். முதல் நாள் தனியாகத் தெருவைக் கடக்க வேண்டாம்.

நண்பகலில் உடம்பு இரவு 10 மணி என்று சொல்லும். தூக்கம் அப்படியே அழுத்தும். தாங்கவே முடியாவிட்டால் அரை மணி நேரம் படுங்கள். யாராவது எழுப்ப வேண்டும், பேரப்பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் அன்றிரவு முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். இரவு 8 மணிக்கு மேல் படுத்துவிடலாம்.

படுப்பதற்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டின் குளியலறையை ஒரு தடவை பாருங்கள். இதைத் தயவுசெய்து தவறவிட வேண்டாம். எந்தக் குழாயில் வெந்நீர், எந்தப் பக்கம் திருப்பினால் சூடு ஏறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில வீடுகளில் குழாயைத் திறந்ததுமே கொதிக்கிற மாதிரி வரும். மரத்துப்போகும் உங்கள் பாதத்துக்குச் சூடு தெரியாது, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே இறங்குங்கள். தொட்டி வைத்த குளியலறை என்றால் விளிம்பு உயரமாக இருக்கும், உள்ளே வழுக்கும். முதல் நாள் அதில் இறங்க வேண்டாம், முகம் கை கால் கழுவித் துடைத்துக்கொண்டால் போதும். படுக்கையிலிருந்து டாய்லெட்வரை இரவு முழுக்க ஒரு சிறு விளக்கு எரியட்டும். அன்றிரவு நீங்கள் கண்டிப்பாக 1 மணிக்கோ 2 மணிக்கோ விழித்துக்கொள்வீர்கள். பழைய வீட்டின் நினைப்பில் கால் இடதுபக்கம் போகும், இந்த வீட்டில் அங்கே படிக்கட்டு இருக்கலாம். குளிர் நாடாக இருந்தால் ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள். காரணம் அதே மரத்த பாதம்தான்.

விழித்துக்கொண்டால் வீட்டு நினைப்பும் கூடவே வரும். இந்த நேரத்தில் எல்லாம் தப்பாகத் தெரியும், 'ஏன் வந்தோம்' என்றுகூட அழுகை வரலாம். தூக்கம் கெட்ட மூளை அப்படித்தான் பேசும், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய விளக்கைப் போடாமல் படுத்திருங்கள். பசித்தால் கொஞ்சமாக ஏதாவது சாப்பிடலாம். முழுச் சாப்பாடு வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்தால் மகனை எழுப்பிச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இதை மகனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்த நாட்டின் அவசர எண்ணையும் அவரிடம் கேட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மறைத்திருந்தால் அவசர நேரத்தில் பணம் தர மறுக்கலாம்.

இறங்கும்போது இரண்டு பாதமும் வீங்கியிருக்கும். செருப்பு இறுக்கும். ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்கியிருந்தால் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, பழகியதையே போட்டுக்கொண்டு வாருங்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உறைவு விமானத்திலேயே தெரிந்துவிடும் என்றில்லை, முதல் நான்கு வாரம்வரை கவனம் வேண்டும். மருத்துவரிடம் 14 மணி நேரம் பறந்து வந்ததைச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

மகனின் மலைப் பயணத்தை இப்போது என்ன செய்வது? அவர் ஆசையாக விடுப்பு எடுத்திருக்கிறார், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த முதல் நாள் விடுப்பை அவர் வீட்டில் உங்களோடு இருக்கவும், குளியலறைக் குழாயைக் காட்டவும், மதியம் அரை மணி நேரத்தில் எழுப்பவும் செலவழிக்கட்டும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். அதில் 14 மணி நேரம் இருந்துவிட்டு வருகிறீர்கள், இறங்கிய அன்றே மறுபடி ஏற வேண்டாம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ போகலாம் என்று சொல்லுங்கள். அன்றும் உங்களுக்கு மதியத்துக்கு மேல் தூக்கம் வரும், அதனால் காலையிலேயே கிளம்பி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை காரை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் நடங்கள். கிளம்புவதற்கு முன் சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பொட்டலம் காரின் முன்பெட்டியில் வேண்டாம், உங்கள் கையிலேயே இருக்கட்டும்.